உப்பளத்து நீலம்

லாரி ஓட்டுநர் மாசிலாமணி இறந்த அன்று உப்பளத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஐப்பசி மாதம் என்பதால் சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டிக்குள் உடலை வைத்திருந்தார்கள். எங்கோ மின்கம்பி அறுந்து விழ, தெரு முழுவதும் விளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்தன. ஒப்பாரி மட்டும் நிற்கவில்லை.

முதலில் பார்த்தது யார் என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மாசிலாமணியின் மனைவி பவளம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. அந்த முகத்தில் வழிந்த கண்ணீர் தெரிந்தது. இரண்டு மெல்லிய நீலக் கோடுகள் கன்னத்தில் இறங்கி, மோவாயில் கூடி, சேலையில் சொட்டி மங்கின. பக்கத்தில் அவள் மகள் தமயந்திக்கும் அப்படித்தான். அவளுக்கு அடுத்து சித்திமார், எதிர்வீட்டுக்காரர்கள், மாசிலாமணியோடு லாரி ஓட்டியவர்கள். பந்தல் முழுக்க முகமில்லாத நீலக் கோடுகள் அசைந்துகொண்டிருந்தன. அன்று யார் நிஜமாக அழுதார்கள், யார் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்பது தெருவுக்கே தெரிந்துபோனது.

அழுகை ஒவ்வொருவராக அடங்கியது. தமயந்தி அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, விரல் நுனியைப் பார்த்தாள்.

"அம்மா, எரியுதா உனக்கு?"

"இல்லடி. எப்பவும் போலத்தான் இருக்கு" என்றாள் பவளம்.

ஆழியூர் நகரத்தின் கிழக்கு மூலையில், கடலை ஒட்டி இருக்கிறது உப்பளம். பல வருடங்களாகத் தண்ணீர் சரியில்லை என்று புகார் சொல்லிக்கொண்டிருந்த பகுதி. அதனால்தான் நகர நீர் வாரியம் மின்மினியை முதலில் அங்கே விட்டது. மின்மினி என்பது ஆய்வகத்தில் வளர்த்த நுண்ணுயிர். குடித்தால் கெடுதல் இல்லை. ஈயம் போன்ற நஞ்சு அதன் மேல் பட்டால் மட்டும் நீலமாக ஒளிரும். இனிமேல் தண்ணீரைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம், படிப்பு வேண்டாம். தம்ளரில் பிடித்து விளக்கை அணைத்துப் பார்த்தால் போதும். இருட்டாக இருந்தால் குடிக்கலாம். இரண்டு மூன்று வாரத்திலேயே உப்பளத்து வீடுகளில் அது பல் துலக்குவதைப் போல ஒரு பழக்கமாகியிருந்தது. தம்ளர்கள் எப்போதும் இருட்டாகவே இருந்தன.

மறுநாள் வாரியத்தின் நீர்ப் பரிசோதகர் ஜெசிந்தா வந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். வீடு வீடாகப் போய் மின்மினியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். தலையோடு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, அதற்குள் தம்ளரை வைத்து, ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் பார்த்தாள். அத்தனையும் இருட்டு. மாலையில் ஆய்வகத்துக்குத் திரும்பி, தலைமை விஞ்ஞானி சிவசைலத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

"தண்ணியில ஒண்ணுமே இல்ல சார். சுத்தம்."

"அப்ப கண்ணீர்ல எப்படி வருது?"

"மின்மினி தண்ணியோட உடம்புக்குள்ள போகுது. அங்கயே தங்கிடுது. ஈயத்தை அங்க பாக்குது சார்."

"குழாய்ல இல்லாத ஈயம் உடம்புக்குள்ள எப்படி வந்துச்சு?"

"முன்னாடி இருந்திருக்கு. எலும்புல போய் உட்கார்ந்திருக்கு. நாம பழைய குழாயை மாத்திட்டோம் சார். ஜனங்களை மாத்தலையே."

சிவசைலம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல மனிதர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

"அங்க ஒரு பழைய பேட்டரி பட்டறை இருந்துச்சுல்ல? மூடிட்டாங்களே. அதுலேருந்து மண்ணுல இறங்கி, பழைய குழாய்க்குள்ள போயிருக்கும்" என்றார்.

"இருக்கலாம் சார்."

பேட்டரி பட்டறைதான் காரணம் என்று அறிக்கை போனது. எல்லோரும் அதை நம்பினார்கள். ஜெசிந்தாவும் நம்பினாள்.

முதல் சில வாரங்கள் உப்பளம் ஒரு கனவுக்குள் இருந்தது போல இருந்தது. சாயங்காலமானால் யாரும் விளக்குப் போட அவசரப்படவில்லை. பிள்ளைகள் விரலை எச்சிலில் நனைத்து, சந்துச் சுவர்களில் மீனும் கப்பலும் வரைந்தார்கள். காய்வதற்குள் அவை நீலமாக மிதந்து மறையும். பந்து விளையாடிவிட்டு வரும் பையன்களின் முதுகு தெருமுனையிலேயே தெரிந்தது. தாய்ப்பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் கடைவாயில் ஒரு துளி வெளிச்சம் நின்றது. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பவளத்தின் காலில் ஒரு பெண் விழுந்து, தாயே, என் வீட்டுக்காக ஒரு சொட்டு அழுங்கள் என்று கேட்டாள்.

பிறகு மருத்துவர்கள் வந்தார்கள். ஈயம் என்ன செய்யும் என்று சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது. கருப்பையில் தங்குவது தங்காது. சிறுநீரகம் கெடும். மாசிலாமணியின் சிறுநீரகம் ஏன் கெட்டது என்று அப்போதுதான் பவளத்துக்குப் புரிந்தது. ஈயத்தை வெளியேற்ற மருந்து இருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும், ஒரு பகுதி முழுவதற்கும் அப்படிக் கொடுக்கப் படுக்கையும் ஆளும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

செய்தி நகரத்துக்குள் போனதும் ஆட்கள் கும்பிட வருவது நின்றது. வசதியானவர்கள் வாழும் மேல்நகரில் வீட்டு வேலை செய்த பெண்களிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், கொஞ்சம் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துப் பார்த்தார்கள்.

தமயந்தி மேல்நகரில் ஒரு மழலையர் காப்பகத்தில் வேலை பார்த்தாள். மத்தியானம் திரையை இழுத்துவிட்டு, பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைப்பது அவள் பொறுப்பு. ஒருநாள் ஒரு குட்டிப் பெண் தூங்காமல் அவள் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"மிஸ், உங்க மேல நிலா ஒட்டியிருக்கு."

"பேசாம தூங்கு தங்கம்."

"எனக்கும் கொஞ்சம் ஒட்டி விடுங்க மிஸ்."

குழந்தை அதை வீட்டில் போய்ச் சந்தோஷமாகச் சொன்னது. இரண்டு நாளில் பெற்றோர் கூட்டமாக வந்தார்கள். காப்பகத்து அம்மாள், கொஞ்ச காலம் லீவில் இரு என்றாள். எத்தனை காலம் என்று தமயந்தி கேட்கவில்லை.

அவளுக்கு அப்போது நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை இளம்பரிதி மேல்நகர்க்காரன். ஏசி மெக்கானிக். காப்பகத்து ஏசியைப் பழுது பார்க்க வந்தவன், பழுது சரியான பிறகும் வந்துகொண்டிருந்தான். மாசிலாமணி உயிரோடு இருக்கும்போதே இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். அதன்பின் பல சாயங்காலங்களில் வேலை முடிந்து நேராக உப்பளத்துக்கு வந்துவிடுவான். பவளம் வைக்கும் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். துக்க வீட்டில் மூன்று நாள் கூடவே நின்றான்.

மார்கழியில் ஒரு பகலில் அவன் அம்மா மீனலோசனி மட்டும் வந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கவில்லை.

"இது நடக்க வேண்டாம். மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"எதுக்குன்னு சொல்லுங்க சம்மந்தி. என்ன குறை?" என்று பவளம் கேட்டாள்.

மீனலோசனி தமயந்தியின் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனாள். எதற்கு என்று சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இருப்பதாகத் தோன்றவில்லை. இளம்பரிதி அன்றிலிருந்து போன் எடுக்கவில்லை.

தை பிறந்ததும் சிவசைலம் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு சின்னக் குப்பி இருந்தது.

"இதுக்குப் பேரு துயில். இதுவும் நுண்ணுயிர்தான். மின்மினியைத் தூங்க வச்சிடும். குடிச்சா ஒரு வாரத்துல வெளிச்சம் போயிடும்."

"ஈயம்?"

"அது இருக்கும்."

"அப்ப இது எதுக்கு சார்?"

"அவங்க கேக்கறாங்க ஜெசிந்தா. தெருவே கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கு. இதைக் குடிக்கிறது பாதுகாப்பானதுன்னு சோதிச்சுச் சான்று கொடுக்கிறது உங்க வேலை. அதை மட்டும் பாருங்க."

அவள் சான்று கொடுக்காமல் நாளைக் கடத்தினாள். வாரம் ஒருமுறை உப்பளத்துக்குப் போய், வேண்டாம், அவசரப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தமயந்தி ஒருநாள் அவளை வழிமறித்தாள்.

"அக்கா, உள்ள ஈயம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். மருந்து கிடைக்காதுன்னும் தெரியும். அப்புறம் இந்த வெளிச்சம் மட்டும் எங்களுக்கு எதுக்கு?"

"வெளிச்சம் போச்சுன்னா உங்களை யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க தமயந்தி. மருந்து வேணும்னு நாளைக்கு நீ எதைக் காட்டிக் கேப்ப?"

"நீங்க பஸ் ஏறினா மேல்நகர். அங்க இருட்டுல யாரோடயும் சேர்ந்து நடந்து போகலாம். நாங்க இருட்டுல எங்க நின்னாலும் உப்பளம்னு எழுதி ஒட்டின மாதிரி இருக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "உங்களுக்குச் சொல்றது சுலபம்க்கா."

ஜெசிந்தா பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தாள். தமயந்தி சொன்னது உண்மையாக இருந்தது.

பங்குனியில் அவள் துயில் குப்பியோடு பவளத்தின் வீட்டுக்குப் போனாள். சோதனையை யாருக்கும் மறைக்காமல் செய்துவிடலாம் என்று தீர்மானித்திருந்தாள். சமையலறை ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணியை அடைத்து இருட்டாக்கினார்கள். உள்ளே வெக்கை தாங்கவில்லை. தமயந்தி நெற்றி வியர்வையை வழித்து ஒரு தட்டில் விட்டாள். நீலத் துளி. ஜெசிந்தா அதன் மேல் துயிலை ஒரு சொட்டு விட்டாள். இரண்டு பெண்களும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை நட்சத்திரம் போல அது மெதுவாக, எப்போது போனது என்று தெரியாமல், போய்விட்டது.

"அழகா போகுது" என்றாள் தமயந்தி. பிறகு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா. உங்க மேலுதடு."

"என்ன?"

"தொடச்சுப் பாருங்க."

ஜெசிந்தா புறங்கையால் துடைத்தாள். புறங்கையில் ஒரு நீலக் கீற்று நின்றது. தட்டிலிருந்து ஒட்டியிருக்குமோ என்று கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஐந்து விரல்களும் ஒளிர்ந்தன.

அரை வருடமாக அவள் இந்தத் தெருவில் தண்ணீர் குடித்திருக்கிறாள். முதலில் நீங்கள் குடித்துக் காட்டுங்கள் மேடம் என்று எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். குடித்துக் காட்டியிருக்கிறாள். மின்மினி அவளுக்குள் போயிருப்பதில் ஆச்சரியம் இல்லை. அது எதைக் கண்டு விழித்துக்கொண்டது என்பதுதான் ஆச்சரியம்.

"நீங்க பொறந்தது எங்கக்கா?"

"மேல்நகர். படிச்சது, கல்யாணம் பண்ணினது எல்லாம் அங்கதான்."

"இங்க குடியிருந்ததே இல்லையா?"

"இல்ல."

ஜெசிந்தா கையிலிருந்த குப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதை அவளே தாமதமாகத்தான் உணர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்காரும் பெண்கள், மகளைக் கட்டிக்கொடுத்த இடம், மாடிப்படியில் மின்சாரம் போனால் எதிரே வரும் அயல்வீட்டார். எல்லாம் ஒரே மூச்சில் வந்து போனது.

"இதை இப்பவே குடிச்சிடலாம்னு தோணுது" என்றாள் மெல்ல. "உனக்கு மூணு மாசமா வேண்டாம் வேண்டாம்னு சொன்ன நானு."

"குடிங்கக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அதில் கேலியே இல்லை. அந்தக் கனிவுதான் ஜெசிந்தாவால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் குப்பியை மூடி வைத்துவிட்டு, தமயந்தியின் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். தமயந்தியின் ரவிக்கைக் கையில் நீலம் ஊறியது.

அடுத்த நாள் சிவசைலத்தின் அறைக்குப் போய், விளக்கை அணைத்து, வியர்த்த கையை நீட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"பேட்டரி பட்டறை இல்ல சார். அது மேல்நகருக்கு எப்படி வரும்? ஏரியிலேருந்து ஊருக்கு வர்ற பெரிய குழாய்தான். அதோட பழைய மூட்டுல ஈயம் வச்சு அடைச்சிருந்தாங்க. அதை மாத்துற வரைக்கும் ஊரே அந்தத் தண்ணியைத்தான் குடிச்சுது."

"வெளிய சொன்னா ஊர் தாங்காது ஜெசிந்தா."

"உப்பளம் தாங்குச்சே சார். ஒரு தெருவுக்கு வந்தா அது தெருவோட வியாதி, கை கழுவிட்டுப் போகலாம். ஊருக்கே வந்தா மருந்துக்கு வழி பண்ணித்தானே ஆகணும்?"

"மேல்நகர்க் குழாயில மின்மினி விட அங்கிருக்கிறவங்க சம்மதிக்கணும். சம்மதிக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியாம விடறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

"நானும் ஒத்துக்க மாட்டேன் சார்."

அவர் எழுந்து விளக்கைப் போட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னார்: "உப்பளத்து ஜனங்க அவங்க வீட்டுக் குழாய்த் தண்ணியை யாருக்காவது விருப்பப்பட்டுக் கொடுத்தா, அதை வாரியம் தடுக்க முடியாது."

ஜெசிந்தா துயிலுக்குச் சான்று கொடுத்தாள். அது பாதுகாப்பானது என்பது உண்மை. தெருவைக் கூட்டி, தன் கையை இருட்டில் காட்டி, நடந்ததைச் சொன்னாள். துயில் குப்பிகளையும் அங்கேயே வைத்தாள்.

"வேணும்கிறவங்க எடுத்துக்கலாம். நான் யாரையும் தப்பா நினைக்க மாட்டேன். எனக்கே எடுத்துக்கணும்னு இருந்துச்சு."

வயதுக்கு வந்த பெண் உள்ளவர்களும் பரீட்சை எழுதப் போகும் பிள்ளை உள்ளவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பாதிக்கும் அதிகமானவர்கள் எடுக்காமல் திரும்பினார்கள். தமயந்தி ஒரு குப்பியைக் கையில் எடுத்து, உருட்டிப் பார்த்து, திரும்ப வைத்தாள்.

சித்திரையில் வெயில் ஏறியதும் மேல்நகர் மணிக்கூண்டுக்கு அருகே உப்பளத்துக்காரர்கள் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். ஈர மணலில் நாலு மண்பானை, தம்ளர்கள், தென்னங்கீற்று நிழல். எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பலகை எழுதி வைத்தார்கள். 'உப்பளத்துத் தண்ணீர். சுத்தமானது. உங்களுக்குள் ஈயம் இருந்தால் இருட்டில் காட்டிக்கொடுக்கும். தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் குடிக்கலாம்.'

சில நாள் யாரும் வரவில்லை. தாகத்தோடு வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு, சாலையைக் கடந்து எதிர்க்கடையில் சோடா வாங்கிக் குடித்தார்கள். ஓர் ஆட்டோக்காரர், என் உள்ளே என்னென்னவோ இருக்கு, இதுவும் தெரியட்டும் என்று சிரித்துக்கொண்டே ஒரு தம்ளர் குடித்தார். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சவால் விட்டுக் குடித்தார்கள். பவளம் பானைகளை மாலையில் கழுவி, காலையில் நிரப்பினாள். அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. அதிலிருந்து மீனலோசனி இறங்கினாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. பலகையை முழுவதும் படித்துவிட்டுப் பந்தலுக்குள் வந்தாள். பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பானை மூடியைத் துடைத்தாள். அன்று பந்தலில் இருந்த ஜெசிந்தா, வந்தவள் யார் என்பதைத் தமயந்தி நின்ற விதத்திலிருந்தே புரிந்துகொண்டாள்.

மீனலோசனி தமயந்தியிடம் பேசினாள்.

"கார்த்திகையில ஒருநாள் கரண்டு போச்சும்மா. அவன் வேலையிலேருந்து வந்து கூடத்துல உட்கார்ந்திருந்தான். நெத்தியெல்லாம் நீலம். உங்க வீட்ல குடிச்ச தண்ணின்னு நினைச்சுக் கோவப்பட்டேன். உப்பளத்துத் தண்ணியில இப்ப ஒண்ணும் இல்லைன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. அப்புறம்தான் யோசிச்சேன். அவன் உங்க வீட்டுக்கு வந்தது சில மாசம். என் வீட்ல குடிச்சது இருபத்தெட்டு வருசம். சங்குல ஊட்டினது நானு."

தமயந்தி அசையவில்லை.

"அன்னையிலேருந்து எங்க வீட்ல விளக்கையே அணைக்கிறதில்ல. தூங்கும்போதும் எரியும். அவனை எங்கயும் அனுப்பறதில்ல. உன்னைக் குறை சொல்லி நிறுத்தலம்மா. நீ வந்து விளக்கை அணைச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னு நிறுத்தினேன். ஊரு உன்னைப் பேசிச்சு. நான் பேசட்டும்னு விட்டுட்டேன்."

பவளத்தின் கை மூடியின் மேல் நின்றுவிட்டது. தமயந்தி பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு நீட்டினாள். மீனலோசனி இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

"எனக்கு எப்பத் தெரியும்?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டாள்.

"பத்து நாள் ஆகும்மா. தெரியாமலும் போகலாம்."

"தெரியட்டும். அவன் மட்டும் தனியா எரிய வேணாம்." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "வண்டியிலதான் இருக்கான். இறங்க மாட்டேங்கிறான். நீ போய்க் கூப்பிடறியாம்மா?"

தமயந்தி சாலைக்கு அப்பால் பார்த்தாள். வேனுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் அதன் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"வேணாம்மா. அவரா வரட்டும்."

அவர்கள் காத்திருந்தார்கள். பேருந்துகள் போயின. மணிக்கூண்டின் பின்னால் கடைசிச் சிவப்பும் கரைந்தது. பந்தலில் விளக்கு ஏற்றப் போன பவளத்தை ஜெசிந்தா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வேனுக்குள் விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரம் அங்கே எதுவும் தெரியவில்லை. பிறகு, கோடை வியர்வையில், ஒரு நெற்றியும் மூக்கும் மோவாயும் மங்கலான நீலத்தில் மெல்ல எழுந்தன. வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தமயந்தி ஒரு தம்ளரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.